சுங்கை சிப்புட் வெயிலில் வீடு குளிர, தெனாகா மின்சாரப் பில் ஏறாதிருக்க: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்குக் குடிவரும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஏர்கோன். வாங்குவதில் தவறில்லை. ஆனால் பகலெல்லாம் வெந்த கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் மாட்டிய ஏர்கோன், இரவில் வெகு நேரம் அந்தச் சூட்டை வெளியேற்றவே ஓடுகிறது. நீங்கள் கட்டும் பில்லில் ஒரு பங்கு கூரைக்குப் போகிறது, உங்களுக்கு வருவது மீதிதான். அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் கூரை, அடுத்து மேற்குப் பக்கம், பிறகு காற்றோட்டம், காற்றாடி, கடைசியில் ஏர்கோன். வரிசை மாறினால் செலவு கூடும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தையொட்டியும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் உச்சியிலிருந்து அதிகம் சாய்வதில்லை. ஆகவே வீட்டில் மிக அதிக வெயில் வாங்குவது கூரை. அடுத்தது மேற்குச் சுவர். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு அவ்வளவு வெயில் இல்லை.

நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னே ஓடுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. மறைவது மாலை ஏழு மணியை ஒட்டி, பல மாதங்களில் அதற்கு மேல். மூன்று மணி முதல் ஏழு மணி வரை மேற்குச் சுவர் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். செங்கல் சுவர் அந்தச் சூட்டை வைத்திருந்து, நீங்கள் படுக்கப் போகும் பத்து மணிக்கு அறைக்குள் விடும்.

செலவில்லாத ஒரு சோதனை உண்டு. மழை இல்லாத ஒரு நாளில், பிற்பகல் மூன்று மணிக்கு ஏணியில் ஏறி ஒவ்வோர் அறையின் சிலிங்கிலும் உள்ளங்கையை வையுங்கள். பிறகு இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு சுவரிலும் வையுங்கள். சிலிங் சுட்டால் முதல் செலவு கூரைக்கு. சுவர் சுட்டால் அந்தச் சுவருக்கு நிழல். வரிசை வீட்டில் நடு வீடு என்றால் முன்னும் பின்னும்தான் வெயில் படும் சுவர்கள். மூலை வீடு என்றால் பக்கச் சுவரையும் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, போய், பால்மரம் சீவியோ செம்பனைக் குலை அறுத்தோ பிற்பகல் வீடு திரும்பித் தூங்குபவர்கள், ஆலையில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்கள் இருக்கும் வீட்டில் அறைகளை மாற்றிக்கொள்ளுங்கள். கிழக்கு அறை காலையில் சூடேறினாலும் மதியத்துக்குப் பிறகு நிழலில் இருக்கும். பகல் தூக்கத்துக்கு அதுதான். மேற்கு அறையைத் துணி, சாமான் வைக்கவும், விடியற்காலைக்குப் பிறகு பிள்ளைகள் படிக்கவும் விடுங்கள். அறை மாற்றுவதற்கு ஒரு சென்னும் ஆகாது, பலன் அன்றைக்கே தெரியும்.

பில்லைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். எதை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்பது இங்கேதான் தெரியும்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வீட்டுக் கட்டணம் மாறிவிட்டது. பழைய படிநிலைக் கட்டண முறை இப்போது இல்லை. மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மின்சாரம் 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், கம்பிவடக் கட்டணம் 12.85 சென், ஆக யூனிட்டுக்கு 44.43 சென். இதிலிருந்து குறைவாகப் பயன்படுத்துவோருக்கு ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. பில்லில் 'இன்சென்திஃப் செகாப் தெனாகா' என்று இருக்கும். 200 யூனிட் வரை 25 சென் கழிவு. 250 வரை 24.5, 300 வரை 22.5, 350 வரை 21, 400 வரை 17, 450 வரை 14.5, 500 வரை 12, 550 வரை 10.5, 600 வரை 9 சென். அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 1,000 யூனிட்டோடு நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: கழிவு அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் இல்லை, மாதத்தின் மொத்த யூனிட்டுக்கும் ஒரே விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. 350 யூனிட்டுக்கு ஏறக்குறைய 82 வெள்ளி (ரிங்கிட்). 351 யூனிட்டுக்கு 96 வெள்ளிக்கு மேல். ஒரே ஒரு யூனிட்டில் 14 வெள்ளி! 400ஐத் தாண்டும்போதும் இப்படி 10 வெள்ளி ஏறுகிறது. 300ஐத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு சேரும். 600ஐத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், சேவை வரியும், மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் வந்து சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏர்கோன் இல்லாமல் மாதம் 250 யூனிட் ஓடும் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 50 வெள்ளி. அந்த வீட்டில் இன்வெர்ட்டர் (கம்பிரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இல்லாத 1 ஹெச்பி ஏர்கோனை இரவு எட்டு மணி நேரம் போடுகிறார்கள். அது இழுப்பது ஏறக்குறைய 850 வாட். கம்பிரசர் அந்த நேரத்தில் பத்தில் ஏழு பங்கு ஓடுகிறது என்று வைத்தால் இரவுக்கு 4.8 யூனிட், மாதத்துக்கு 143. மொத்தம் 393 யூனிட், பில் ஏறக்குறைய 108 வெள்ளி. அதே வீட்டில் மூன்று பழைய சிலிங் காற்றாடிகள் 70 வாட்டில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றுகின்றன. அவற்றை 30 வாட் டிசி (நேர்மின்னோட்ட மோட்டார்) காற்றாடிகளாக மாற்றினால் மாதம் 43 யூனிட் மிச்சம். மொத்தம் 350ஐ ஒட்டி இறங்கும், பில் 82 வெள்ளியை ஒட்டி நிற்கும். ஏர்கோனைத் தொடாமலேயே 26 வெள்ளி குறைகிறது. (இந்தத் தொகைகளில் 1.6 விழுக்காட்டைச் சேர்க்கவில்லை.)

ஆகவே செய்ய வேண்டியது: கடைசி ஆறு பில்களை எடுத்து யூனிட்டை மட்டும் எழுதுங்கள். எந்த எல்லைக்கு மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 362 ஓடுகிற வீட்டுக்கு 12 யூனிட் குறைப்பது பெரிய லாபம். 345 ஓடுகிற வீட்டுக்கு இன்னும் 12 யூனிட் குறைத்தால் மூன்று வெள்ளிதான். அந்த வீட்டார் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மைடிஎன்பி செயலியில் அன்றாடப் பயன்பாடு தெரியும். பழைய மீட்டர் என்றால் பில் வந்த நாளில் எண்ணைக் குறித்து, ஞாயிறுதோறும் ஒருமுறை பாருங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேர அடிப்படைக் கட்டணத்துக்கும் மனுச் செய்யலாம். வார நாளில் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை கட்டணம் கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் குறைவு. வித்தியாசம் யூனிட்டுக்கு நான்கு சென் அளவுதான். இரவு பத்துக்குப் பிறகே ஏர்கோன் போடும் வீட்டுக்கு இது ஒத்துவரும். பிற்பகல் தூங்குபவர் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது. அரசின் ஏழைக் குடும்பங்களுக்கான இ-காசே பட்டியலில் பரம ஏழையாகப் பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை கழிவு உண்டு. தகுதி இருந்தும் பதியாதவர்கள் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

கூரை: முதல் செலவு இங்கே

உங்கள் கூரை எந்த வகை என்பதைப் பொறுத்து வழி மாறும்.

சிங்க் தகரக் கூரை என்றால் வெள்ளைப் பூச்சு. வெயிலில் துருவேறிய தகரம் அறுபது டிகிரிக்கு மேல் காயும். வெள்ளை நிறக் கூரைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சுவருக்கு அடிக்கும் சாதாரண வெள்ளைப் பெயிண்ட் கூரையில் ஒரு வருடம்கூடத் தாங்காது, வெடித்து உரியும். ஹார்ட்வேர் கடையில் கூரைக்கென்றே விற்கும், ரப்பர்போல் இழுபடும் அக்ரிலிக் பூச்சைக் கேளுங்கள். வெள்ளையே வாங்குங்கள். சாம்பலும் சிவப்பும் பார்க்க அழகு, குளிர்ச்சிக்கு உதவாது.

செய்யும் முறை:

1. மழை குறைந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும். பிப்ரவரி அல்லது ஜூன், ஜூலை நல்லது.
2. பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி ஒருநாள் காய விடுங்கள். பாசி மேல் அடித்த பூச்சு பாசியோடு உரிந்து வரும்.
3. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் அடிப்பூச்சு கொடுங்கள்.
4. ஆணிகளைப் பாருங்கள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஒழுகலைப் பூச்சு அடைக்கும் என்று விடாதீர்கள்.
5. பனி ஈரம் காய்ந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியுங்கள். உச்சி வெயிலில் தகரம் சுட்டு, பூச்சு பிடிக்குமுன் மேல்தோல் காய்ந்துவிடும்.
6. இரண்டு பூச்சு. முதலாவது நீளவாக்கில், இரண்டாவது குறுக்கே. ஒரு டின் எத்தனை சதுர மீட்டருக்கு என்று டின்னில் இருக்கும். அந்தக் கணக்கு இரண்டு பூச்சுக்கா ஒன்றுக்கா என்று பார்த்து வாங்குங்கள்.

கூரையில் நடக்கும்போது ஆணி வரிசை மேலேயே கால் வையுங்கள். அடியில் சட்டம் இருப்பது அங்கேதான். பழக்கமில்லாதவர்கள் ஏற வேண்டாம், கூலிக்கு ஆள் வையுங்கள். கூரையிலிருந்து விழுந்தால் ஆகும் செலவு எந்தப் பில்லிலும் மிச்சப்படாது. வருடம் ஒருமுறை பாசியைக் கழுவிவிடுங்கள். கறுத்துப்போன வெள்ளை, வெள்ளையாக வேலை செய்யாது. மழைநீர் பிடித்துப் புழங்குபவர்கள் பூச்சு அடித்த பின் முதல் சில மழை நீரை வெளியே விட்டுவிடுங்கள். லயத்தில் பல வீட்டுக்கும் ஒரே கூரை என்பதால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும், அண்டை வீட்டாரும் சேர வேண்டும். சேர்ந்து செய்தால் கூலி பங்காகும்.

ஓட்டுக் கூரை, அடியில் சிலிங் உள்ள தாமான் வீட்டுக்கு வழி வேறு. ஓட்டுக்கும் சிலிங்குக்கும் இடையில் சிக்கிய சூட்டைத் தடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பொருள்: அலுமினிய ஃபாயில், ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு). ஃபாயில் சூட்டுக் கதிரைத் திருப்பும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் குறைந்தது ஓர் அங்குலக் காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஓட்டிலோ தகரத்திலோ ஒட்டினாற்போல் அடித்துவிட்டால் அது வெறும் உலோகத் தகடு, சூட்டைக் கடத்திவிடும். பளபளப்பைக் கீழ்நோக்கி வைத்தால் தூசி படியாது, பல வருடம் பலன் தரும். சிலர் சிலிங் பலகைமேல் ஃபாயிலை விரித்துவிடுகிறார்கள். ஆறு மாதத் தூசியிலேயே அது மங்கிப் பயனற்றுப் போகிறது.

சிலிங்மேல் விரிப்பதற்கு ராக்வூல்தான் சரி. 50 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம். கையுறை, முகக் கவசம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள், இழை தோலில் குத்தி அரிக்கும். சட்டத்தின்மேல் மட்டும் மிதியுங்கள், சிலிங் பலகை ஆளைத் தாங்காது. விளக்குக் குழிகளையும் மின்கம்பி இணைப்புப் பெட்டிகளையும் மூடாதீர்கள். கூரை ஒழுகினால் முதலில் ஒழுகலை அடையுங்கள். நனைந்த ராக்வூல் சூட்டைத் தடுக்காது, பாரத்தில் சிலிங் தொங்கும். முழு வீட்டுக்கும் பணம் இல்லையென்றால் படுக்கை அறைக்கு மேல் மட்டும் போடுங்கள்.

கூரையின் இரண்டு முனைகளிலும் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பலர் வௌவாலுக்கும் குருவிக்கும் பயந்து பலகையால் அடைத்திருப்பார்கள். பலகையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடியுங்கள். சூடான காற்று தானாக வெளியேறும்.

பழைய வீடுகளில் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு கூரையாகவோ சிலிங்காகவோ இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் துளைக்கவோ, அறுக்கவோ, தேய்க்கவோ, அழுத்தத் தண்ணீரால் கழுவவோ வேண்டவே வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. மாற்ற வேண்டுமென்றால் அந்த வேலை தெரிந்த ஒப்பந்தக்காரரை வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

மேற்குச் சுவருக்கு நிழல்

சன்னலுக்கு உள்ளே தொங்கும் கனத்த திரை, வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது. சூடு அதற்குள் அறைக்குள் இறங்கிவிட்டது. நிழல் வெளியே இருக்க வேண்டும். செடி நாற்றுக்குக் கட்டும் கறுப்பு நிழல்வலை, 70 விழுக்காடு நிழல் தருவது, விவசாயப் பொருள் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கூரை விளிம்பிலிருந்து சுவருக்கு ஓர் அடி தள்ளித் தொங்கவிட்டு, கீழே இழுத்துக் கட்டுங்கள். சுவரோடு ஒட்டினால் வலையின் சூடு சுவருக்கே போகும். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமென்றால் மூங்கில் பீடாய் (சுருட்டும் தட்டி) போடலாம், மழையில் சுருட்டி வைத்தால் நெடுநாள் வரும்.

இடம் இருப்பவர்கள் மேற்கில் இரண்டு வாழைக்கன்று வையுங்கள். ஒரு வருடத்துக்குள் சுவர் உயரத்துக்கு வந்துவிடும், இலையும் காயும் வீட்டுக்கு ஆகும். பாகல், அவரை, கோவைக் கொடியைக் கம்பிவலையில் ஏற்றலாம். வீட்டுச் சுவரை ஒட்டியோ மின்கம்பிக்குக் கீழோ பெருமரம் நட வேண்டாம். வாழை மட்டையிலும் பூந்தொட்டித் தட்டிலும் தண்ணீர் தேங்காமல் பாருங்கள், டிங்கிக் கொசு அங்கேதான் பெருகும்.

வெயில் படும் பக்கம் முற்றத்துக்குச் சிமெண்டு பூசுவதையும் தவிர்க்கலாம். சிமெண்டுத் தரையின் சூடு மாலை முழுக்கச் சன்னல் வழியாக உள்ளே வரும். புல்லுக்கு அந்தக் குணம் இல்லை.

காற்று எப்போது உள்ளே, எப்போது வெளியே

நாள் முழுக்கச் சன்னலைத் திறந்து வைப்பது வழக்கம். செங்கல் வீட்டுக்கு அது சரியல்ல. விடியற்காலையில் வெளியே 24 டிகிரி அளவுக்கு இறங்கும். அப்போது எல்லாவற்றையும் திறந்து வீட்டைக் குளிர விடுங்கள். பத்து, பத்தரை மணிக்கு வெளியே உள்ளேயைவிடச் சூடாகும்போது வெயில் பக்கச் சன்னல்களை மூடித் திரையை இழுங்கள். மாலை ஏழரைக்குப் பிறகு மீண்டும் திறங்கள். கொசுவலைச் சட்டம் போட்டுவிட்டால் இரவு முழுக்கத் திறந்திருக்கலாம். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீட்டுக்கு இது பொருந்தாது. அது சூட்டைச் சேர்த்து வைக்காது, மூடினால் புழுங்கும். பகலிலும் திறந்தே வையுங்கள்.

மாலையில் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்ற ஒரு வழி: நிற்கும் காற்றாடி ஒன்றை மேற்கு அறைச் சன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்பக்கச் சன்னலைத் திறங்கள். அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். புகைமூட்டக் காலத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தண்ணீர் ஊற்றி ஓட்டும் 'ஏர் கூலர்' மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். தண்ணீர் ஆவியானால்தான் அது குளிர்ச்சி தரும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது, அறை பிசுபிசுக்கும், துணியில் பூஞ்சை ஏறும். வறண்ட நாட்டுக்கு உண்டான சாதனம் அது.

காற்றாடி

காற்றாடி அறையைக் குளிர்விக்காது, ஆளைத்தான் குளிர்விக்கும். ஆள் இல்லாத அறையில் சுற்றினால் வீண். தரையிலிருந்து இறக்கை ஏழடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றினால் புதிது வாங்கவேண்டாம். பெரும்பாலும் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கும், சில வெள்ளி சாமான்தான். பழையதில் எழுதிய அதே மைக்ரோஃபாரட் அளவை வாங்கி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். இறக்கையின் தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள். டிசி காற்றாடிக்கு மாறுவதென்றால் அதிக நேரம் சுற்றும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

ஏர்கோன் வாங்கும்போதும் ஓட்டும்போதும்

அளவு: அறையின் சதுர அடியை 65ஆல் பெருக்குங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி, 7,800 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு). 9,000 பிடியு தரும் 1 ஹெச்பி போதும். பன்னிரண்டுக்குப் பதினைந்து என்றால் 11,700, அதற்கு 1.5 ஹெச்பி. கூரைக்கு எதுவும் செய்யாத மேற்கு அறையாக இருந்தால் ஒரு படி கூட்ட வேண்டிவரும். கூரையை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். 'பெரிதாக இருக்கட்டும்' என்று சிற்றறைக்கு 2 ஹெச்பி மாட்டினால் அது சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இராது. அறை சில்லென்றும் இருக்கும், பிசுபிசுப்பும் போகாது.

இரவு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்கள் எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரை உள்ள இன்வெர்ட்டர் வாங்கலாம். மேலே பார்த்த 393 யூனிட் வீட்டில் இன்வெர்ட்டர் சராசரியாக 400 வாட்டில் ஓடினால் மாதம் 96 யூனிட், மொத்தம் 346, பில் 81 வெள்ளி. எப்போதாவது ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் போடுபவர்களுக்கு அந்த விலை வித்தியாசம் திரும்பி வர வருடக்கணக்காகும். பழைய ஆர்22 கேஸ் (குளிர்விக்கும் வாயு) ஏர்கோனை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாட்டும்போது நான்கு விஷயம் கேளுங்கள். தனி வயர், தனி பிரேக்கர் போடுகிறார்களா? பழைய வீட்டு வயரிங்கில் நீட்டிப்புக் கம்பி போட்டு ஓட்டினால் பிளக் உருகித் தீப்பிடிக்கும். பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே செய்யுங்கள். வெளி யூனிட் நிழலில், முன்னால் தடையில்லாமல் இருக்கிறதா? கூரை போட்டு மூடிய பின்கட்டுக்குள் வைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே இழுத்துத் திணறும். தண்ணீர்க் குழாய் நல்ல சரிவில் போகிறதா? கதவுக்கும் சன்னலுக்கும் மேலே உள்ள காற்றுத் துளைகளை, அந்த ஓர் அறைக்கு மட்டும், தெளிவான பிளாஸ்டிக் தகட்டால் அடைத்தீர்களா? அடைக்காவிட்டால் விடியும்வரை வெளி ஈரக் காற்றைத்தான் குளிர்விப்பீர்கள். நாக்கோ சன்னலின் (கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னலின்) கண்ணாடிகளுக்கு இடையிலும் காற்று கசியும், கனத்த திரையோ ஒட்டும் பட்டையோ வேண்டும்.

இரவில் ஓட்டும் முறை: முதலில் சன்னலைத் திறந்து காற்றாடியால் அரை மணி நேரம் சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு மூடி 25இல் போட்டு, காற்றாடியை மெதுவாகச் சுற்ற விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து 26 அல்லது 27க்கு ஏற்றுங்கள், பெரும்பாலான ரிமோட்டில் தூக்கப் பொத்தான் இதைத் தானே செய்யும். ஐந்து மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள், அந்நேரம் வெளியே குளிர்ந்திருக்கும். 16இல் போட்டால் சீக்கிரம் குளிரும் என்பது இன்வெர்ட்டர் இல்லாத ஏர்கோனுக்குப் பொருந்தாது. கம்பிரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்க மட்டும் தாமதிக்கும்.

வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாய் நீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். உள்ளே ஐஸ் கட்டினால் காரணம் இரண்டு: அடைபட்ட வடிகட்டி, அல்லது கேஸ் குறைவு. அணைத்து உருகவிட்டு முதலில் வடிகட்டியைப் பாருங்கள். சுவரில் தண்ணீர் ஒழுகினால் வடிகுழாயில் அழுக்கு அடைத்திருக்கும். கேஸ் என்பது எண்ணெய்போல் தீர்ந்துபோகும் பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும். வருடா வருடம் 'கேஸ் குறைந்துவிட்டது' என்று நிரப்பிவிட்டுக் காசு வாங்குபவரிடம் 'எங்கே கசிகிறது, அதை முதலில் அடையுங்கள்' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் குழாய் முனை நட்டில்தான் கசிவு.

இடிமழைக்கு முன் ஏர்கோனை அணைத்து, சுவரில் உள்ள சுவிட்சையும் அணையுங்கள். மின்னல் அடியில் முதலில் போவது இன்வெர்ட்டர் போர்டு. அதன் விலை பல மாத மிச்சத்தை விழுங்கிவிடும்.

வீட்டுக்குள் பிறக்கும் சூடு

சோற்றுப் பானையை நாள் முழுக்கச் சூட்டு நிலையில் விடாதீர்கள். கறி வைப்பதைக் காலையிலேயே முடித்துவிட்டால் நல்லது, பின்கட்டில் அடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஐஸ்பெட்டிக்குப் பின்னால் ஒரு கை அகலம் இடம் விடுங்கள். கதவு ரப்பரில் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், எளிதாக வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். குழல் விளக்குகள் போகும்போது எல்இடி போடுங்கள்.

சிக்கனத்தை நிறுத்த வேண்டிய நேரம்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரிக்குள் இருந்தால் முதல் நிலை எச்சரிக்கையும், 37ஐத் தாண்டி 40 வரை போனால் வெப்ப அலை எச்சரிக்கையும் விடும். நாட்டில் பதிவான உச்சம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில். எச்சரிக்கை வந்த நாள்களில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, கர்ப்பிணி, இருதய நோயாளி இருக்கும் வீட்டில் யூனிட் கணக்குப் பார்க்காதீர்கள். ஓர் அறைக்கு ஏர்கோன் போட்டு எல்லாரும் அங்கேயே இருங்கள். ஏர்கோன் இல்லையென்றால் ஈரத்துண்டால் கை, கழுத்து, அக்குளைத் துடைத்துவிட்டுக் காற்றாடிக்கு முன்னால் உட்கார வையுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது, நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள்.

வெயிலில் இருந்து வந்தவர் குழறிப் பேசினாலோ, ஆளைத் தெரியாமல் விழித்தாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 999க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, மேல்சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.